களியை மெல்லும் கிரகம்

முதல் ஓலை வாசிக்கப்பட்டபோது செபாஸ்டினுக்குச் சட்டை நனைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடியும் நேரம். கடத்தூர் பங்குச் சாமியார் நரைத்த தாடியைத் தடவிக்கொண்டு காகிதத்தைப் பிரித்தார். "கடத்தூர் சவரி மகன் செபாஸ்டினுக்கும், அதியமான்கோட்டை மரியசூசை மகள் ராஜமேரிக்கும் திருமணம் செய்விக்க எண்ணியிருக்கிறோம். இது முதல் ஓலை. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள், அதைப் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று வாசித்தார்.

இப்படி மூன்று ஞாயிறு மூன்று ஓலை வாசிக்க வேண்டும். யாரும் எழுந்து தடை சொல்லாவிட்டால்தான் கல்யாணம்.

தடை ஒன்று இருந்தது. அது தொண்ணூற்றாறு பக்க நீள நோட்டு ஒன்றில், முப்பத்து நாலாம் பக்கத்தில் இருந்தது. அதை வரைந்தவனே செபாஸ்டின்தான்.

செபாஸ்டினுக்குத் தொழில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது. கடத்தூர் பஸ் ஸ்டாண்டில் 'செபா ஆர்ட்ஸ்' என்றால் தெரியும். பலகை இல்லாத நாளில் படக்கதை வரைவான். இருபத்தேழு வயதில் படக்கதை வரைகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? மூன்று வீட்டில் "பையன் நல்ல பையன்தான், ஆனா பொம்மை போடறாராம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாலாவதாக அமைந்தவள் ராஜமேரி. பெண் பார்க்கப் போன அன்று காபி டம்ளரை நீட்டியவள், அவன் விரலைப் பார்த்து, "மை இன்னும் காயலைங்களே" என்று மெதுவாகச் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே செபாஸ்டின் தீர்ந்து போனான். இனி வேறு பெண்ணைப் பற்றி நினைக்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த நிமிடமே உள்ளறையிலிருந்து பெண்ணின் தகப்பனார் மரியசூசை வந்தார். ஒட்டிய கன்னம், பெரிய காது, மூக்கோரம் மச்சம், கோடு போட்ட மாதிரி மீசை. செபாஸ்டின் டம்ளரைக் கீழே வைத்தான். அந்த முகத்தை அவன் அறுபது தடவைக்கு மேல் வரைந்திருக்கிறான்.

மரியசூசை பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதியமான்கோட்டையில் ஒரு உரக்கடைக்குப் பலகை எழுதுவதற்காக செபாஸ்டின் பஸ் ஏறினான். மடியில் நோட்டை வைத்துப் படம் போட்டுக்கொண்டே போனவன், இறங்க வேண்டிய இடத்தைக் கவனிக்கவில்லை. அடுத்த ஸ்டாப்பில் செக்கிங் ஏறினார்.

"உங்க டிக்கெட் அதியமான்கோட்டை வரைக்கும்தான். இப்ப நீங்க எங்க இருக்கீங்க?"

"கவனிக்கலைங்க சார்."

"எந்த லோகத்துல இருந்தீங்க?"

இரண்டு வரிசை நிறைய காலேஜ் பெண்கள் சிரித்தார்கள். எழுந்து நிற்கச் சொல்லி, படிக்கட்டு வரை நடத்திக் கூட்டிப் போய், ரோட்டில் இறக்கிவிட்டார். வெயிலில் திரும்பி நடந்து வந்த செபாஸ்டின், பசி தாங்காமல் அதியமான்கோட்டையில் முனியம்மாள் களிக்கடைக்குள் நுழைந்தான். கொஞ்ச நேரத்தில் அதே செக்கிங் அங்கேயே வந்தார். மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கேழ்வரகுக் களியைக் குழம்பில் தொட்டு வாயில் போட்டார். போட்டவர் மென்றார்.

தர்மபுரி ஜில்லாவில் பிறந்தவன் எவனும் களியை மெல்ல மாட்டான். உருட்டி, தொட்டு, முழுங்க வேண்டும். பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட அது தெரியும். இந்த மனிதர் மாடு அசைபோடுகிற மாதிரி மென்றுகொண்டிருந்தார்.

"இவரு யாருங்க, அசலூரா?" என்று செபாஸ்டின் கேட்டான்.

"தெரியலப்பா. எப்ப வந்தாலும் சுவத்தைப் பாத்துக்கிட்டுத்தான் தின்பாரு" என்றாள் முனியம்மாள்.

திமிர் பிடித்தவர், ஊர்ச் சனத்தின் முகத்தைப் பார்த்துச் சாப்பிட மாட்டார் போலிருக்கிறது என்று செபாஸ்டின் முடிவு கட்டினான். அன்றைக்கே படக்கதை பிறந்துவிட்டது.

'கடத்தூரில் இறங்கிய தட்டு' என்பது தலைப்பு. கடத்தூர் சந்தைத் திடலில் பறக்கும் தட்டு இறங்குகிறது. ஸிங்கோ கிரகத்தார் மனித உருவம் எடுத்து ஊருக்குள் பரவுகிறார்கள். அவர்களுடைய தலைவன் எடுத்துக்கொள்வது செக்கிங் இன்ஸ்பெக்டர் உருவம். அந்த வேலையில் இருந்தால் எந்தப் பஸ்ஸிலும் ஏறலாம், யாரையும் எங்கிருந்து எங்கே போகிறாய் என்று கேட்கலாம் அல்லவா. விஞ்ஞானிகளால்கூட மனிதன் யார், ஸிங்கோ யார் என்று பிரிக்க முடியவில்லை. கடைசியில் களிக்கடைக்கார அம்மாள் ஒருத்திதான் கண்டுபிடிக்கிறாள். ஊர் முழுக்கக் களி போடுகிறாள். முழுங்குகிறவன் மனிதன், மெல்லுகிறவன் ஸிங்கோ. முப்பத்து நாலாம் பக்கம் முழுவதும் ஒரே படம்: தலைவன் வாய் நிறையக் களியை வைத்து மெல்லுகிறான், காதுக்கு மேல் கொம்பு முளைக்கிறது. அப்புறம் கடத்தூர் இளைஞர்கள் பயிருக்கு மருந்தடிக்கிற மெஷினோடு வந்து மீதியைக் கவனித்துக்கொள்கிறார்கள். கதை நெடுக நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் கதாநாயகனுக்கு செபாஸ்டினின் முகம், செபாஸ்டினுக்கு இல்லாத தோள்கள்.

வால் நட்சத்திரம் வந்த வருஷம் அது. ஊரே வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததால் நோட்டுக்கு நல்ல மவுசு. மாதுவின் சைக்கிள் கடையில் வைத்து ஊர்ப் பையன்கள் அத்தனை பேரும் படித்தார்கள். செபாஸ்டினும் பெருமையாகத்தான் திரிந்தான்.

பெண் பார்த்த அன்று மரியசூசை அவனை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. தினம் நாலு பேரை இறக்கிவிடுகிறவருக்கு ஒருத்தன் முகம் என்ன ஞாபகம் இருக்கும். "உங்க கையெழுத்து நல்லா இருக்குதுங்க. உரக்கடை போர்டு பாத்திருக்கேன்" என்று மரியாதையாகப் பேசினார். அவர் மரியாதையாகப் பேசப் பேச செபாஸ்டினுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

பூசை முடிந்ததும் அவன் நேராக மாதுவின் சைக்கிள் கடைக்கு ஓடினான்.

"மாது, அந்த நோட்டைக் குடு."

மாது பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தான். "நோட்டு இங்க எங்கடா இருக்குது? முனிராஜ் படிச்சுட்டுத் தர்றேன்னு வாங்கிக்கிட்டுப் போனான்."

"எந்த முனிராஜ்?"

"கண்டக்டர் முனிராஜ்தான்."

செபாஸ்டின் கடை வாசலிலேயே குத்த வைத்து உட்கார்ந்துவிட்டான். நோட்டு கண்டக்டர் கைக்குப் போயிருக்கிறது. அதாவது செக்கிங் இன்ஸ்பெக்டர் தினமும் ஏறி இறங்கும் பஸ்ஸுக்குள்ளேயே போயிருக்கிறது.

"அந்த வில்லன் யாருன்னு உனக்குத் தெரியுமாடா? என் மாமனாருடா."

மாது ட்யூபைத் தண்ணீரிலிருந்து எடுத்தான். கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப அந்தக் கொம்பு கொஞ்சம் ஓவருதான்" என்றான்.

முனிராஜைப் பிடிக்க ஒரு வாரம் ஆனது. செபாஸ்டின் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் முனிராஜ் சேலத்தில் இருப்பான். அரூருக்குத் தேடிப் போனால் அவனுக்கு அன்று லீவு. இதற்குள் இரண்டாவது ஓலையும் வாசித்தாகிவிட்டது. திங்கட்கிழமை காலை ஒருவழியாக முனிராஜ் கிடைத்தான். தோல்பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தான்.

"அருமையா இருக்குதுங்கண்ணா. டிரைவருங்க எல்லாம் படிச்சுட்டாங்க. டைம்கீப்பர் ரெண்டு தடவ படிச்சாரு. நம்ம செக்கிங்கை அப்படியே உரிச்சு வெச்சிருக்கீங்க."

"செக்கிங் பாத்தாரா?"

"அவருக்கு யாருங்கண்ணா குடுப்பாங்க? டைம்கீப்பர் ரூம் மேசையிலதான் ரெண்டு நாள் கெடந்துச்சு. நடுவுல ஒரு நாளு காணல, அப்புறம் அதே எடத்துல இருந்துச்சு."

செபாஸ்டின் முப்பத்து நாலாம் பக்கத்தைத் திறந்தான். படத்தின் ஓரத்தில் காய்ந்த களித் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. எவனோ டிரைவர் சாப்பிட்டுக்கொண்டே படித்திருக்கிறான் என்று நகத்தால் சுரண்டி எறிந்தான்.

நோட்டை அடுப்பில் போட்டிருக்கலாம். புத்தியுள்ளவன் அதைத்தான் செய்வான். ஆனால் எத்தனையோ மாத உழைப்பு. அடுப்பு வரை கொண்டுபோய்விட்டு இரண்டு தடவை திரும்பி வந்தான். முகத்தை மட்டும் மாற்றிவிட்டால் போதும் என்று தோன்றியது.

இண்டியன் இங்க்கில் வரைந்த படத்தில் புதிதாக எதையும் சேர்க்கலாம், இருப்பதை எடுக்க முடியாது. வெள்ளைச் சாயம் வைத்துப் பார்த்தான். பழுப்பேறிய தாளில் அது தேமல் மாதிரி தெரிந்தது. ஆகவே சேர்க்க ஆரம்பித்தான். மச்சமும் ஒட்டிய கன்னமும் மறையும்படி தலைவனுக்குத் தாடி வைத்தான். தலைவன் வரும் படங்கள் மொத்தம் அறுபத்தொன்று. அறுபத்தொன்றுக்கும் தாடி வைத்து முடிக்கப் பகல் முழுதும் போனது. சாயங்காலம் மாதுவிடம் காட்டினான்.

"இப்ப யாரு மாதிரி இருக்குது?"

மாது நோட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தான். "உங்க சாமியாரு மாதிரி இருக்குது."

செபாஸ்டின் பிடுங்கிப் பார்த்தான். நரைத்த தாடி, பெரிய காது. ஓலை வாசித்த அதே பங்குச் சாமியார், வாய் நிறையக் களியோடும் காதுக்கு மேல் கொம்போடும் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் அறுபத்தொரு முகத்திலும் தலைப்பாகை கட்டினான். தாடியோடு சேர்த்து முறுக்கு மீசையும் வைத்தான்.

"பஞ்சாயத்துத் தலைவர் குப்புராஜ்" என்றான் மாது. கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அவருக்குத் தாடி ஏதுடா?"

"மலைக்கு மாலை போட்டப்ப இருந்துச்சே. நீ சாமி கும்பிடற எடம் வேற, உனக்கு ஞாபகம் இருக்காது."

பஞ்சாயத்துச் சுவர்களில் விளம்பரம் எழுதும் வேலை அத்தனையும் குப்புராஜ் கொடுப்பதுதான். செபாஸ்டின் அறுபத்தொரு முகத்துக்கும் கறுப்புக் கண்ணாடி மாட்டினான்.

"கண் ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்தப்ப தலைவரு இப்புடித்தான் இருந்தாரு" என்றான் மாது.

செபாஸ்டினுக்கு அழுகை வந்துவிட்டது. பிரஷ்ஷை மையில் முக்கி, முப்பத்து நாலாம் பக்கத்து முகத்தை முழுசாகக் கறுப்படித்தான்.

"இப்ப சொல்லு."

"இப்ப யாருன்னு தெரியல. ஆனா பாக்கறவன் எல்லாம் இது யாருன்னு கேப்பான்" என்றான் மாது. பிறகு பக்கத்தைப் புரட்டினான். "இந்தப் பக்கமும் மை ஊறியிருக்குது பாரு."

மை தாளைத் தாண்டி முப்பத்து மூன்றாம் பக்கத்துக்கு இறங்கியிருந்தது. அங்கே நெஞ்சை நிமிர்த்தி நின்ற கதாநாயகனுக்கு முகம் கறுத்துப் போயிருந்தது. அது செபாஸ்டினின் முகம். அவன் பிரஷ்ஷைக் கீழே வைத்தான். தன்னை ஒருத்தர் பஸ்ஸில் கேவலப்படுத்தினார் என்பதற்காக, அவர் சாப்பிடுகிற வாயைப் பார்த்து ஊரையே சிரிக்க வைத்திருக்கிறான். சாப்பிடுகிறவன் வாயைப் பார்ப்பது எவ்வளவு ஈனமான காரியம் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை அத்தை மிக்கேலம்மாள் வந்தாள். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவள் அவள்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"ஏன்டா, நீ என்னடா பண்ணித் தொலைச்ச?"

"என்னங்கத்த?"

"மூணாவது ஓலையைப் பதினஞ்சு நாளு நிறுத்தி வைக்கச் சொல்லிட்டாராம் பொண்ணோட அப்பன். சாமியாருகிட்டயே நேர்ல வந்து சொல்லியிருக்காரு. என்ன ஏதுன்னு கேட்டதுக்குச் சொந்தக் காரணம்ங்கறாரு. ரெண்டு ஓலை வாசிச்சுட்டு நிறுத்தினா ஊருல என்ன பேசுவாங்க? அந்தப் புள்ள தலை நிமிந்து நடக்குமா?"

செபாஸ்டினுக்கு உடனே புரிந்துவிட்டது. மேசையில் கிடந்த நோட்டு, ஒரு நாள் காணாமல் போய்த் திரும்பி வந்த நோட்டு. படித்துவிட்டார். காரணத்தை வெளியில் சொல்லக்கூட அவருக்கு வாய் கூசியிருக்கிறது.

"நீ எதாச்சும் தப்புப் பண்ணியிருந்தா இப்பவே சொல்லிடு" என்றாள் அத்தை.

"ஒரு படம் போட்டேங்கத்த."

"படமா? எந்தப் பொம்பளை படம்டா?"

"பொம்பளை இல்லீங்க. மாமனாரு படம்."

அத்தைக்கு விளங்கவில்லை. "அவரு படத்தைப் போட்டா சந்தோசம்தானே படுவாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே காபி போட உள்ளே போனாள். கொம்பு விஷயத்தைச் சொல்ல செபாஸ்டினுக்குத் தைரியம் வரவில்லை.

கோயிலுக்குப் போனான். சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன்னால் முழந்தாள் போட்டான். மரச்சட்டத்துக்கு அந்தப் பக்கம் சாமியாரின் தாடி மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்ததும் இன்னும் கூசியது.

"சாமி, நான் ஒருத்தரை வேற கிரகத்து ஆளா வரைஞ்சுட்டேங்க."

சாமியார் சட்டத்துக்கு இன்னும் பக்கத்தில் குனிந்தார். "என்ன பாவம்னு தெளிவாச் சொல்லு."

"அவரு களியை மெல்றாருன்னு சொல்லிக் கேவலப்படுத்திட்டேங்க. அறுபத்தொரு தடவ."

"யாரை?"

"மாமனாரா வரப்போறவரைங்க. ஆனா இப்ப அவரு மாதிரி இல்லீங்க சாமி. நடுவுல ஒரு நாளு உங்க மாதிரி இருந்தாரு. அப்புறம் மாத்திட்டேன்."

சாமியார் இருமினார். அந்த இருமல் நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஓலையை நிறுத்தறப்ப அவரு கோவமா இருந்தாருங்களா சாமி?"

"கோவமா தெரியல. தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் பேசினாரு. என் முகத்தைப் பாக்கல." சாமியார் குரலைத் தாழ்த்தினார். "செபமாலையை எடுத்து அம்பத்து மூணு மணியையும் உருட்டிச் செபம் சொல்லு. அது பெருசில்ல. அந்த மனுசன் வூட்டுக்குப் போயி, நேருக்கு நேரா மன்னிப்புக் கேளு. அதுதான் உனக்குப் பரிகாரம்."

செபம் அன்றைக்கே முடிந்துவிட்டது. மற்றதுதான் முடியவில்லை. தினமும் காலையில் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போவான். பஸ்ஸைப் பார்த்ததும் கால் பின்வாங்கிவிடும். ஒரு நாள் தர்மபுரி வரைக்கும் போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினான். எழுதிக் கொடுத்துவிடலாம் என்று கடிதம் எழுத உட்கார்ந்தான். 'மாமா அவர்களுக்கு' என்பதோடு நின்றது. மாமா என்று எழுத இன்னும் உரிமை இருக்கிறதா என்றே தெரியவில்லை.

பதினைந்து நாள் முடியப் போகிற வெள்ளிக்கிழமை அத்தை மறுபடியும் வந்தாள்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் உன்னை அங்க சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருக்காரு. தனியா வரணுமாம். என்னையக்கூட வர வேணாம்னுட்டாரு."

அத்தை முகத்தில் ஈ ஆடவில்லை. சம்பந்தம் வேண்டாம் என்று பெரியவர்கள் முன்னால் சொல்லாமல், பையனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லப் போகிறார். அந்த மட்டுக்கும் பெரிய மனிதர்தான் என்று செபாஸ்டின் நினைத்துக்கொண்டான். அவர் பெரிய மனிதராக இருக்க இருக்க இவனுக்குத் தாங்க முடியாமல் போனது.

ஞாயிற்றுக்கிழமை நோட்டை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனான். மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவர் கண் முன்னாலேயே கிழித்துப் போடுவது என்று திட்டம். அதியமான்கோட்டைக்கு டிக்கெட் எடுத்து, டிக்கெட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்டாப்பாக எண்ணி, சரியான இடத்தில் இறங்கினான்.

வாசலில் ராஜமேரி நின்றிருந்தாள். அவள் முகம் வாடியிருந்தது.

"அப்பா காலையில இருந்து பச்சத்தண்ணிகூடக் குடிக்கலைங்க. உங்களுக்காகத்தான் உக்காந்திருக்காரு" என்றாள். பிறகு ஏதோ சொல்ல வந்து, உள்ளே ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, சொல்லாமலே ஒதுங்கி வழிவிட்டாள்.

கூடத்தில் இரண்டு தலைவாழை இலை எதிரும் புதிருமாகப் போட்டிருந்தது. ஒன்றின் முன்னால் மரியசூசை உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"வாங்க. உக்காருங்க."

"மாமா, அதுக்கு முன்னாடி ஒரு விசயம் சொல்லணும்."

"எல்லாம் சாப்பாட்டுக்கு அப்புறம் பேசிக்கலாம். முதல்ல நான் சாப்புடறதைப் பாருங்க" என்றார் மரியசூசை.

பாருங்க என்பதை அவர் அழுத்திச் சொன்னார். செபாஸ்டின் பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ராஜமேரியின் அம்மா ரோசம்மா குண்டானோடு வந்தாள். பெண் பார்க்க வந்த அன்று ஒரு வார்த்தை பேசாதவள், இன்றைக்கும் பேசாமலே குனிந்து இலையில் பரிமாறினாள்.

களி. உருண்டை உருண்டையாக, ஆவி பறக்கும் கேழ்வரகுக் களி. பக்கத்தில் நாட்டுக்கோழிக் குழம்பு.

மாப்பிள்ளைக்கு முதல் விருந்தில் களி போடுகிற குடும்பம் அந்த ஜில்லாவிலேயே கிடையாது. வீட்டில் அரிசி இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கியாவது சோறு ஆக்குவார்கள். செபாஸ்டின் இலையைப் பார்த்தான். இது விருந்தில்லை, பதில். முப்பத்து நாலாம் பக்கத்தை எடுத்து அப்படியே இலையில் வைத்திருக்கிறார்கள். அவனுக்குக் காது மடல் எரிந்தது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் அடுப்படிக் கதவோரம் ராஜமேரி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மரியசூசை சிலுவை போட்டுக்கொண்டார். வழக்கத்தைவிட நிதானமாகப் போட்டுக்கொண்டார். சிறு எலுமிச்சை அளவு களியை உருட்டினார், குழம்பில் புரட்டினார், வாயில் போட்டார். தலையைக் கொஞ்சம் அண்ணாந்தார். தொண்டைக் குழி ஏறி இறங்கியது. களி போய்விட்டது. பல் படவில்லை.

டிக்கெட்டைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிற மாதிரி அவர் செபாஸ்டினையே பார்த்தார்.

இரண்டாவது உருண்டையும் போனது. அவருக்குக் கண் கலங்கியது. மூன்றாவது உருண்டை நடுவழியில் கொஞ்சம் நின்று, கழுத்து நரம்பு புடைத்து, அப்புறம் இறங்கியது. அதற்கும் அவர் தண்ணீர் குடிக்கவில்லை, செபாஸ்டினின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

நான் மென்றதாக வரைந்தாயே, இப்போது என்ன சொல்கிறாய் என்று கேட்கிறார். அப்படியானால் அன்று களிக்கடையில் பார்த்தது வேறு யாராவதாக இருக்குமோ? ஒரு பாவமும் அறியாத மனிதரையா கொம்பு வைத்துக் கெடுத்தேன்? செபாஸ்டினின் நெஞ்சில் வெட்கம் கல் மாதிரி உட்கார்ந்துகொண்டது.

"சாப்புடுங்க" என்றார் மரியசூசை.

செபாஸ்டின் ஒரு உருண்டையை எடுத்துக் குழம்பில் தொட்டு வாயில் போட்டான். முழுங்கப் பார்த்தான். தொண்டை திறக்கவில்லை. இருபத்தேழு வருஷமாக நினைக்காமலே திறந்த தொண்டை, இன்று பூட்டிக்கொண்டது. மறுபடியும் முழுங்கப் பார்த்தான். களி வாயிலேயே கிடந்தது. துப்பவும் முடியாது, இலைக்கு எதிரில் அவர். விழுங்கவும் முடியாது. கன்னம் உப்பி, கண்ணில் தண்ணீர் முட்டி, வேறு வழி தெரியாமல் அவன் மெதுவாக மெல்ல ஆரம்பித்தான்.

பிசுபிசுவென்று சத்தம் கேட்டது. கூடத்தில் அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அவன் தாடை அசைவதை மரியசூசை பார்த்தார். கதவோரம் ராஜமேரி வாயைப் பொத்திக்கொண்டாள். செபாஸ்டின் நிறுத்த நினைத்தான், முடியவில்லை. மடியில் இருந்த பையிலிருந்து நோட்டை எடுத்து அவர் இலையோரம் வைத்தான். வாய் நிறையக் களியோடு, "மன்னிச்சிருங்க மாமா" என்றான். அதுவும் சரியாக வெளியே வரவில்லை.

மரியசூசை நோட்டைத் தொடவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய பெரிய காதுகள் இரண்டும் சிவந்து போயிருந்தன. அடக்கி வைத்திருந்த இருமல் அப்போதுதான் பீறிட்டு வந்தது. ரோசம்மா ஓடி வந்து அவர் முதுகில் நாலு தட்டுத் தட்டி, தண்ணீர்ச் சொம்பைக் கையில் திணித்தாள். பிறகு செபாஸ்டினின் அசைபோடும் வாயைப் பார்த்தாள். அந்த வீட்டில் முதல் முறையாக அவளுடைய குரல் கேட்டது.

"அந்த நோட்டைப் படிச்சுட்டு ஓலையை நிறுத்தி வெச்சு, மாப்ள முன்னாடி அசலூரான் மாதிரி சுவத்தைப் பாத்து உக்கார மாட்டேன்னு பதினஞ்சு நாளா மூணு வேளையும் களியை மெல்லாம முழுங்கிப் பழகினாருங்க இந்த மனுசன், இப்ப நீங்க மெல்றீங்களே மாப்ள, இனி உங்களுக்கு யாருங்க பழக்கி வுடறது?"